நடுக்கோட்டைத் தாண்டிய பேக்

1938ஆம் ஆண்டு ஜூலை 30, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். உத்தமபாளையத்தில் மழை இல்லை. மேற்கே மலையின் தலை மட்டும் கறுத்திருந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஆடிக் காற்று மைதானத்தின் நீளவாக்கில் வீசிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகளை இரண்டு முறை அள்ளிக்கொண்டு போய்விட்டதால், மூன்றாம் முறை சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நான் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று என் பற்களை நாக்கால் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டும் இருந்தன. என் கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது.

எங்கள் ஊர் ஹாக்கி அணிக்கு ஏழு வருஷமாக நான்தான் கோல் கீப்பர். பிழைப்புக்குத் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. காலுக்குப் பஞ்சு வைத்த பேடு தருவார்கள், கைக்கு உறை தருவார்கள். முகத்துக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. பந்தை அரிசி மண்டித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்றரைத் தோலா இருந்தது. அந்த எடை முகத்தை நோக்கி வரும்போது என்னவாகத் தெரியும் என்பது கோலில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு முன்னால் இரண்டு பேக் நிற்பார்கள். எதிரி பந்தோடு வந்தால் மறித்து அடித்து விரட்டுவது அவர்கள் வேலை. முன்னேறிப் போய்க் கோல் போட ஐந்து பார்வர்டுகள் தனியாக இருக்கிறார்கள். இடது பேக் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அணிக்குக் கேப்டனும் அவரே. நாற்பது வயது. நட்ட இடத்தில் நிற்பார். வலது பேக் ஒரு பத்தொன்பது வயதுப் பையன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவன். பங்குனியில்தான் அணிக்கு வந்தான்.

அவன் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துபோனது. பந்து கிடைத்தால் மற்ற பேக்குகள் ஓங்கி அடித்து முன்னால் அனுப்புவார்கள். இவன் அடிக்கமாட்டான். மட்டையில் ஒட்டிக்கொண்டதுபோல் பந்தை வைத்துக்கொண்டு, தலையை ஒருமுறை நிமிர்த்திப் பார்ப்பான். அவ்வளவுதான், போய்விடுவான். நடுக்கோட்டைத் தாண்டி, எதிரியின் பார்வர்டையும் பேக்கையும் தாண்டி, கடைசியில் எதிரிக் கோல் முன்னால் நிற்பான். இங்கே அவன் நின்ற இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தின் பின்னால் நான் நிற்பேன்.

இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். நாலு மாதத்தில் பதினோரு ஆட்டம். அவன் நடுக்கோட்டைத் தாண்டியது அறுபத்து மூன்று தடவை. பாதியில் பந்தைப் பறிகொடுத்தது இருபத்தொன்பது. அதனால் எங்களுக்கு விழுந்த கோல் ஏழு. அவன் போனதால் நாங்கள் போட்ட கோல் ஒன்பது. ஒன்பதில் ஏழு போனால் இரண்டு. அந்த இரண்டுக்காக என் உடம்பில் பட்ட அடி பதினாறு. அதில் கழுத்துக்கு மேல் மூன்று.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. தன் முன்னால் நிற்கும் இரண்டு பேக்கும் யார் என்று கோல் கீப்பர்தான் சொல்ல வேண்டும். அடிபடுகிறவன் அவன் என்பதால் வந்த வழக்கமாக இருக்கும். கேப்டனே ஆனாலும் அதில் தலையிட முடியாது. ஆகவே மலை எஸ்டேட்டு அணியோடு நடக்கும் வருஷாந்திரக் கோப்பை ஆட்டத்துக்கு அந்தப் பையன் உண்டா, இல்லையா என்பது என் வாயில் இருந்தது. ஆறு வருஷமாகக் கோப்பை மலையிலேயே இருந்ததால் ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை ஆபீஸ் விட்டுப் போகும்போது, ராவுத்தர் தன் அரிசி மண்டியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளே மூட்டைகளின் மேல் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜப்தி வாரண்டு கொண்டுபோகும் கோர்ட்டு அமீனா. ஊரில் நடக்கும் ஆட்டம் ஒன்றையும் விடாதவர்கள் இந்த இருவரும். ராவுத்தர் பையனின் கட்சி, அமீனா எதிர்க்கட்சி.

"வாரும் புதுமாப்ளே," என்றார் ராவுத்தர். "அங்கன எதுக்கு நிக்கிறீரு? இந்த மூட்டையில உக்காரும். பையன் பேரு எழுதியாச்சா?"

"இன்னும் யோசனையாத்தான் இருக்கு ராவுத்தரே."

"யோசிக்க என்ன கெடக்கு?" என்றார் அமீனா. "பேக்குன்னா வீட்டுக் கதவு. கதவு எங்கயாச்சும் தெருவுல ஓடுமா? அவன் போறான், சரி. திரும்பி வாரானா? அதைச் சொல்லுங்க."

"வாரான்யா. கொஞ்சம் பிந்தி வாரான்," என்றார் ராவுத்தர்.

"பிந்தி வாரதுக்குள்ள இங்கன கோல் விழுந்துருது. சின்னமனூர்க்காரன் ரெண்டு போட்டான்ல? அன்னைக்கு இவன் எங்கன நின்னான்? அவனுக கோல் கீப்பரோட பேசிக்கிட்டு நின்னான்."

மூட்டைகள் சிரித்தன. நான் நோட்டைப் பிரித்துக் கணக்கைப் படித்தேன். இருபத்தொன்பது, ஏழு, ஒன்பது, பதினாறு. அமீனா தொடையில் தட்டினார்.

"கேட்டீகளா? ரெண்டே ரெண்டு. அதுக்கு இந்த மனுசன் மேல பதினாறு அடி. பொண்ணு வீட்டுக்காரக தேவாரத்துல இருந்து வாராக. மாப்ளைக்கு மூஞ்சி வேணுமா, வேணாமா?"

ராவுத்தர் நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் எழுதியிருக்கீரு. ஒண்ணு விட்டுப்போச்சு. அவன் கெளம்பினா எதிராளி அஞ்சு பேரும் என்ன செய்றாக? தன்னோட கோலப் பாக்க ஓடுறாக. அந்நேரம் உம்ம கோலுக்கு எவனும் வரல. வராத அடியை எந்தப் பக்கத்துல எழுதினீரு?"

வராததை எப்படி எண்ணுவது? அமீனாதான் எனக்காகப் பேசினார். "வராத வாய்தாவுக்கு நான் படிக்காசு கேட்டா கோர்ட்டுல குடுப்பாகளா ராவுத்தரே?" மறுபடி சிரிப்பு. ஏழு மணி வரை பேசினார்கள். ஒருவரும் கட்சி மாறவில்லை.

மறுநாள் காலையில் கொடிக்காலுக்குப் போனேன். பையன் இல்லையென்றால் வலது பேக்குக்கு இருந்த இன்னொரு ஆள் தபால்காரர். நில் என்றால் நிற்பார். பந்து பக்கத்தில் போனாலும் நிற்பார். அதனால்தான் போனேன். பையன் கொடிகளுக்கு நடுவே தலையில் கூடையோடு வந்தான். வழி இரண்டு சாண் அகலம், இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு கொடியிலும் உரசாமல், கீழே பார்க்காமல் வந்தான்.

"ஏலே, நாளைக்கு ஆடுறியா?"

"நீங்க சொன்னா ஆடுறேன்ணே."

"நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுனா அடுத்த ஆட்டத்துக்குக் கெடையாது. சம்மதமா?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தான். "நீங்க போன்னு சொல்ற வரைக்கும் போகலண்ணே."

"நான் சொல்லமாட்டேன்."

"அப்பச் சரி," என்றான். முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெற்றிலை மணத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி ஆட்டம். முதல் பாதியில் காற்று எங்கள் முதுகில். பந்து தானாகவே உருண்டுபோனது. பதினெட்டாம் நிமிடம் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. பையன் கோட்டுக்கு இப்பாலேயே நின்றான். இரண்டு முறை கோட்டின் மேல் வந்து நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் திரும்பி வந்தான். அமீனா கூட்டத்திலிருந்து கை தட்டினார்.

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது. இப்போது காற்று எங்கள் முகத்தில். மணல் கண்ணில் அறைந்தது. டிரில் மாஸ்டர் ஓங்கி அடித்த பந்து இருபது அடி போய்த் தயங்கி, எதிரியின் மட்டைக்கே போய்ச் சேர்ந்தது. அடித்து அனுப்பினால் பந்து போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அடிப்பதைத் தவிர ஒருவருக்கும் வேறொன்றும் தெரியவில்லை. எஸ்டேட்டு அணி எங்கள் கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்தை விட்டு நகரவே இல்லை. அவர்களுடைய சென்டர் பார்வர்டு ஓர் எஸ்டேட்டுக் கணக்கப்பிள்ளை. ஆறடி உயரம். பெனால்டி கார்னர் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு. ஏழையும் தடுத்தேன். முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று, ஒன்று காதை உரசிக்கொண்டு போனது. காது சுடுவது தெரிந்தபோது நினைத்தேன்: இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, இந்தக் கணக்கில் இன்னும் மூன்று வரும். அப்போதுதான் ராவுத்தர் கேட்டது உறைத்தது. இவர்கள் ஐந்து பேரும் இங்கேயே இருப்பது, அங்கே பயப்பட ஒன்றும் இல்லாததால்தான்.

நான் தடுத்த ஏழாவது பந்து பையனிடம் போயிருந்தது. அவன் தலையை நிமிர்த்தினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"போடா!" என்று கத்தினேன்.

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. போனான். காற்று அவன் சட்டையைப் பின்பக்கம் ஊதிப் புடைக்கச் செய்தது. பந்து மட்டும் காற்றுக்குத் தப்பி, மட்டைக்கு ஒரு சாண் முன்னால் கட்டிப்போட்டதுபோல் போயிற்று. அவன் கோட்டைத் தாண்டினால் நான் எண்ணத் தொடங்குவது வழக்கம். பதினாலுக்குள் திரும்பவில்லை என்றால் வட்டத்தின் விளிம்புக்கு வந்து நிற்பேன். அன்றும் எண்ணினேன். ஒன்று, ஒருவன் தாண்டப்பட்டான். மூன்று, இருவர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அவன் அந்த இருவருக்கும் நடுவில் நேற்று கொடிக்காலில் வந்தபடியே வந்தான், எவனையும் உரசாமல். எஸ்டேட்டுப் பார்வர்டுகள் நாலு பேர் அலறிக்கொண்டு அவன் பின்னால் ஓடினார்கள். என் வட்டம் காலியானது. இருபது நிமிடத்துக்குப் பின் முதல்முறையாக மூச்சு விட்டேன். ஆறு, ஏழு. இன்னொருவன் மட்டை வெறும் தரையை அடித்தது. எட்டு, ஒன்பது.

ஒன்பதோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, எண் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஒரு மனிதன் அவ்வளவு தூரம் அவ்வளவு லேசாகப் போகமுடியும் என்பதை, நாலு மாதம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றுதான் பார்த்தேன்.

வட்டத்துக்குள் போய் அடித்தான். கம்பத்தில் பட்டது. டங்கென்ற சத்தம் என் கோல் வரைக்கும் வந்தது. அங்கிருந்த பேக் பந்தை ஓங்கி அடிக்க, காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. நடுக்கோட்டுக்கு அப்பால் தனியாக நின்ற கணக்கப்பிள்ளைதான் அதை எடுத்தார். டிரில் மாஸ்டர் பாய்ந்தார், விழுந்தார். இனி நானும் அவரும்தான். நான் விளிம்புக்கு வந்திருக்க வேண்டும். கோட்டின் மேலேயே நின்றேன், வாய் இன்னும் திறந்தபடி.

அடித்தார். பந்து என் வாயில் வந்து விழுந்தது. உட்கார்ந்துவிட்டேன். பந்து என் மடியில் பட்டுக் கோட்டுக்கு முன்னால் ஒரு முழத்தில் கிடந்தது. அவர் மறுபடி மட்டையை ஓங்குவதைப் பார்த்தேன். கை எழவில்லை. அப்போது என் தோளுக்கு மேலாக ஒரு மட்டை நீண்டு பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டது. பந்து எல்லையைத் தாண்டிக் கொடிக்கம்பம் வரை ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். பையன். எதிரிக் கோல் கம்பத்தடியில் நின்றவன் என் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"வந்துட்டேண்ணே," என்றான்.

கணக்கப்பிள்ளை மட்டையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தார். "எந்தொரு ஓட்டம்!" என்றார் மலையாளத்தில். அவர் குரலில் கோபமே இல்லை.

மிச்ச நேரம் தபால்காரர் கோலில் நின்றார். அவர்களுக்குக் கோல் கிடைக்கவில்லை. கோப்பை மலையை விட்டு இறங்கியது. மறுநாள் வாயில் துணியை வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் அளந்தேன். அந்தக் கம்பத்திலிருந்து இந்தக் கம்பத்துக்கு என் காலடியில் நூற்றுப் பதினெட்டு. அவன் அதை எத்தனை எண்ணிக்கையில் கடந்து வந்தான் என்பது எனக்குத் தெரியாது. மண்டியில் கேட்டேன். ராவுத்தர் பத்து என்றார், அமீனா பதினைந்து என்றார், இருவரும் எண்ணவில்லை. "அதுக்குத்தான நீரு இருக்கீரு?" என்றார்கள். உலகத்தில் எண்ண வேண்டியதாக ஒன்று நடந்தபோது நான் எண்ணாமல் இருந்துவிட்டேன்.

வாதமும் தீரவில்லை. "அவன் போனதுனாலதான் மாப்ளைக்குப் பல்லு போச்சு," என்றார் அமீனா. "அவன் வந்ததுனாலதான்யா கோல் போகல," என்றார் ராவுத்தர். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். வீங்கிய உதட்டைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும், அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வலது பேக் யார் என்று கேட்டபோது யோசிக்கவில்லை. நிபந்தனையும் போடவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மூன்றாம் நாள் நான் சாப்பிடும்போது என் மனைவி உற்றுப் பார்த்தாள்.

"முன்பல்லு ரெண்டும் நெசமில்லையா?"

நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கையிலிருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"அந்தக் கடைசில இருந்து இந்தக் கடைசிக்கா?"

"ஆமா."

"கல்யாணத்துக்கு வந்திருந்தாகளா அவுக? எவுகன்னு காட்டியிருக்கலாம்ல."

காட்டியிருக்கலாம். பந்தியில் இலை போட்டவன் அவன்தான்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: மதுரையில் இரண்டு பொய்ப்பல், பதினாறு ரூபாய். அளவு கொடுக்க ஒரு தடவை, மாட்டிக்கொள்ள ஒரு தடவை, பஸ்ஸும் ரயிலும் சேர்த்து நாலு ரூபாய். அங்கே சாப்பாடு இரண்டு வேளை, எட்டணா. ஆக மொத்தம் இருபது ரூபாய் எட்டணா.