வடகோடிச் சுவரின் ஒன்றரை அடி

கூடுவாஞ்சேரியில் ஒரு மனையை அளந்துகொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ஜெபராஜ் சார் காலமானார். கையிலிருந்த டேப்பைச் சுருட்டக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்கியபோது, சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் திரும்பினேன். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் அளப்பார், நான் கம்ப்யூட்டரில் வரைவேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர். ஆனால் பழைய கட்டடம் என்றால் கோயிலா, பள்ளிவாசலா என்றெல்லாம் பார்க்கமாட்டார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். “கல்லும் பொய் சொல்லாது, டேப்பும் சொல்லாது. நடுவுல நம்ம மண்டைதான் சொல்லும்” என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

கோவளத்துக்குத் தெற்கே ஓர் ஊரில், பல நூற்றாண்டு கண்ட கல் பள்ளிவாசலைப் பழுதுபார்க்க வரைபடம் கேட்டார்கள். கும்மட்டம் கிடையாது, மினாரும் கிடையாது. கருங்கல் தூண்கள், கல் பலகைக் கூரை. எனக்கு எங்கள் மாடம்பாக்கம் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோலவே இருந்தது. தூணில் உருவம் இருக்கவேண்டிய சதுரங்களில் மட்டும் பூவும் கொடியும். ஜெபராஜ் ஒவ்வொரு பூவையும் தடவிப் பார்த்து, “அதே ஆளுங்கதாம்பா செதுக்கியிருக்காங்க” என்றார்.

மேற்குச் சுவரின் கனம் தென்கோடியில் இரண்டடி, வடகோடியில் மூன்றரை அடி என்று எழுதிக் கொடுத்தார். அளவு பிசகிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவசரம், திமிர், இரண்டும்தான். முழுச் சுவரையும் இரண்டடியாக நேராக வரைந்து கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் அதை நம்பி, வடகோடியில் துருத்தியிருந்ததைப் பிற்கால ஒட்டு வேலை என்று செதுக்கித் தள்ளிவிட்டார். அது ஒட்டு வேலை அல்ல. மக்கா நேர் மேற்கில் இல்லை, வடக்கே ஒதுங்கியிருக்கிறது. மண்டபத்தைத் தெருவுக்கு நேராகக் கட்டியவர்கள், தொழுகிறவர் பார்க்கும் சுவரின் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி பாய் எங்களை வரச்சொன்னார். கத்தவில்லை. “எங்க பாட்டனுங்க கண்ணு தெரியாம கோணலா கட்டிட்டாங்கன்னு நெனச்சீங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ், “அளவு என்னுது பாய். தப்பும் என்னுதுதான்” என்றார். வாயைத் திறப்பதற்குள் என்று எழுதுவதும் பொய். நான் திறந்திருக்கமாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், “உனக்கு ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க, நான் ரிட்டயர் ஆகப் போறவன்” என்றார். அவ்வளவுதான். அதன்பின் அலுவலகம் அளக்க என்னை அனுப்பியது, அவரைக் கோப்பு அடுக்க வைத்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சே, என்ன மனுஷன் நான்.

அவரோ விடுமுறை நாட்களில் அனுமதி கேட்டு அங்கே போய், பழைய சாய்வைக் கணக்கிட்டு, தொழுகை வரிசைகளுக்குத் தரையில் கோடு போட்டுக் கொடுத்தார். இன்று அங்கே தொழுகிறவர்கள் அந்தக் கோட்டில்தான் நிற்கிறார்கள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் முத்தவல்லி பாய் என் தோளைத் தொட்டு, “தப்பு பண்ணாரு, ஆனா ஓடல. எப்பவோ மன்னிச்சிட்டோம்” என்றார். நான் தலையாட்டினேன்.

பாய், அவர் சரியாகத்தான் அளந்தார். மாற்றி வரைந்தவன் நான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உங்கள் எல்லோர் முன்னும் வந்து சொல்கிறேன். அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்வது, இத்தனை நாள் அவர் சுமந்த என் தப்பைத்தான். இனி யாரும் அவரை மன்னிக்க வேண்டாம்.