விருத்தாசலத்தில் சிலகீலெஸ்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டேகாலுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். இருக்கைக்கு நூற்றிருபது ரூபாய். மடியில் ஒரு கட்டைப்பை, அதற்குள் இரண்டு கிலோ தக்காளி. விருத்தாசலத்தில் தக்காளி கிடைக்காதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கிடைக்கும், யார் இல்லையென்றது? பதற்றத்தில் போகிறவளுக்குக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிம்மதி.

பதற்றத்துக்குக் காரணம் மங்கை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவள். விருத்தாசலத்தில் வீட்டுக் கொல்லையில் பீங்கான் பொம்மை செய்கிறாள். மெக்சிகோவில் கார் கம்பெனி வேலைக்குப் போன அவள் மகன் கதிர், புவெப்லா ஊர்ப் பெண் மரிசோலைக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது சென்னைக்கு மாற்றலாகி வந்துவிட்டான். வீடு பார்க்கும்வரை மனைவியை அம்மாவிடம் விட்டிருந்தான். மரிசோலுக்கு மூன்றாம் மாதம். மசக்கை.

புதன்கிழமை மங்கை போனில் அழுதாள்.

"நாலு நாளா சோறே எறங்கலடி அவளுக்கு. இட்லி வச்சா மூஞ்சியத் திருப்பிக்குறா. அம்மாகிட்ட அனுப்பி வுட்டுடு, டிக்கெட்டு போடுன்னு கதிர்கிட்ட கேக்குறாளாம். போனா திரும்பி வருவாளாடி? ஏதோ சிலகீலெஸ்ஸாம், அதுதான் வேணுமாம். நீ அந்த ஊருல இருந்தவதான? வந்து செஞ்சு குடுத்துட்டுப் போ."

என் வீட்டுக்காரர் வேலையால் புவெப்லாவில் நான்கு வருடம் இருந்தேன். அந்த ஊர் மொழி எனக்குச் சந்தையில் சண்டை போடும் அளவுக்கு வரும். சிலகீலெஸ் அங்கே காலைப் பலகாரம். மக்காச்சோள ரொட்டியைத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, காரமான தக்காளிச் சாற்றில் புரட்டி, மேலே முட்டையும் பாலேடும் வைத்துத் தருவார்கள். அந்த ரொட்டிக்குச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். இதையெல்லாம் போனிலேயே மங்கையிடம் சொல்லி, வெள்ளிக்கிழமை மாலை ஊறப்போட்டுவிடு என்றேன். சோளத்துக்குப் பஞ்சமில்லை. வேப்பூர்ப் பக்கம் காடு காடாக விளைகிறது, அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போகிறது.

விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டையும் போய், ஐந்தேகாலுக்கு விருத்தாசலம் சந்திப்பில் இறங்கினேன். வெயில் அப்போதும் முதுகில் அடித்தது. மங்கையின் தெருப்பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் பொண்ணு வந்திருக்குதே, அந்த வூடாம்மா? நூறு ரூவா குடுங்க. அது சாப்புடவே மாட்டேங்குதாமே?"

இந்த ஊரில் ஒருத்தி பட்டினி கிடந்தால் ரயிலடி வரைக்கும் தெரிந்துவிடுகிறது. எண்பதுக்குப் பேசலாம் என்று நினைத்திருந்த நான் பேசாமல் ஏறினேன்.

வாசல் முழுக்க வெள்ளைப் பொம்மைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கூடத்து நாற்காலியில் மரிசோல் நைட்டியோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மொழியில் நலம் விசாரித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. எழுந்து அடுப்படிப் பக்கம் என்னோடு வரப் பார்த்தாள். அதற்குள் மங்கை பாய்ந்து வந்தாள்.

"நீ ஒக்காரு கண்ணு. அடுப்பு வெக்கை ஆவாது. எல்லாம் அத்தை பாத்துக்குறேன்."

பெண் மறுபடி உட்கார்ந்தாள். சோளம் ஊறுகிறதா என்று மங்கையிடம் கேட்டேன். பெரிய அலுமினியக் குண்டானைக் காட்டி, "நாலு மணிக்கே போட்டாச்சு, மூடியத் தொறக்காத" என்றாள். ராத்திரிக்குப் பத்துச் சப்பாத்தி சுட்டாள். மரிசோல் ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்தேன். கரண்டியை விட்டேன். இறங்கவில்லை. அழுத்தினேன். ணங்கென்று சத்தம் வந்தது.

"மங்கை! இதுல என்னடி போட்ட?"

"சுண்ணாம்புதான்டி!"

இரண்டு பேருமாகக் குண்டானைக் கவிழ்த்துப் பின்பக்கம் நான்கு தட்டுத் தட்டினோம். தொப்பென்று விழுந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு பாறை, உடம்பெல்லாம் மஞ்சள் சோளம் பதிந்து. மங்கை அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து முகர்ந்தாள். அவள் முகம் செத்துவிட்டது. சுண்ணாம்பு இல்லை அது, பொம்மை அச்சு வார்க்கிற பி.ஓ.பி. மாவு! தண்ணீரில் கரைத்தால் அரை மணியில் கல்லாக இறுகுவது.

"ஒரு கரண்டிதானடி சொன்னேன்?"

"மொதல்ல ஒரு கரண்டிதான் போட்டேன். தண்ணி நீர்க்க இருந்திச்சு. கை பாட்டுக்கு அள்ளி அள்ளிப் போட்டு, அச்சுக்குக் கரைக்கிற பதத்துக்குக் கொண்டாந்திடுச்சு." முப்பது வருடக் கை. அது யாரைக் கேட்கும்? மங்கை தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. இனி அவ நிக்க மாட்டா."

சத்தம் கேட்டு மரிசோல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். என்ன இது என்று கேட்டாள். உன் சிலகீலெஸ் என்றேன், வேறென்ன சொல்வது! குனிந்து விரலால் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரைக்கும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள் நேரே ஹாட்பாக்ஸைத் திறந்தாள். ராத்திரிச் சப்பாத்தி. அதைக் கத்தரிக்கோலால் முக்கோணம் முக்கோணமாக வெட்ட ஆரம்பித்தாள். மங்கை அலறிக்கொண்டு எழுந்தாள்.

"அய்யோ, மசக்கைக்காரி பழசத் திங்கிறதா? அடுப்புக்கிட்ட வேற போறா, புடிடி அவள!"

நான் பிடித்தது மங்கையை. "சும்மா இரு. அவங்க ஊருல மீந்த ரொட்டிலதான் இதச் செய்வாங்க. நானும் ஒரு கூமுட்டை, சோளத்துல ஆரம்பிச்சேன்."

மரிசோல் என் தக்காளியையும் பச்சை மிளகாயையும் தோசைக்கல்லில் போட்டுத் தோல் கருகச் சுட்டாள். பூண்டு, உப்பு, கொத்தமல்லியோடு மிக்ஸியில் ஓட்டினாள். சப்பாத்தித் துண்டுகளை மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, கொதிக்கும் சாற்றில் ஒரே புரட்டு. மேலே முட்டை, கட்டித் தயிர், பச்சை வெங்காயம். எண்ணெய் வாடைக்கு இரண்டு முறை கொல்லைக்கு ஓடினாள். இரண்டு முறையும் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து கரண்டியைப் பிடித்தாள். மங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று தட்டு வைத்தாள். முதல் தட்டு மாமியாருக்கு. "சாப்பிடுங்க அத்தை," என்றாள். கதிர் சொல்லிக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். நான் புவெப்லாவில் தின்றதற்கு இது கால்வாசி தேறாது. கோதுமை கோதுமைதான். ஆனால் அவள் ஒரு தட்டு முடித்து, வாணலியில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றாள். மங்கை தன் தட்டைத் தொடாமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வாரமா அடுப்படில காலே வைக்க வுடலயேடி நான்," என்றாள் என்னிடம். ஆமாம் என்றேன்.

பதினோரு மணிக்குப் பையைத் தூக்கினேன். திரும்ப விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். மரிசோல் கூடத்தில் போனில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் டிக்கெட், டிக்கெட் என்று காதில் விழுந்தது. அந்த ஒரு சொல் மங்கைக்கும் புரியும். என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னடி சொல்றா? போறாளா?"

நான் முழுதும் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். "டிக்கெட்டு போடத்தான் சொல்றா. அவளுக்கு இல்ல. அவங்க அம்மாவ வரச் சொல்றா. பிரசவம் இந்த வூட்லதானாம்."

மங்கை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். பிறகு என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு என்னடி புடிக்கும்?"