மஞ்சளாக மாறிய உப்புக்கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தார். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் தன் இடது கையைத்தான் அதன் முன்னால் நீட்டுவார். அதில் ஆபத்து உண்டென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் நான் வாங்கிய இந்துப்பில், கண்ணாடி போலிருந்த ஒரு கல்லை ஒருநாள் எடுத்துப்போனார். மாலையில் அது தேன் நிறத்தில் திரும்பி வந்தது.

"சாயம் போட்டீங்களா?" என்றேன்.

"இல்ல. கதிர் பட்டதும் உள்ள இருக்கிற எலக்ட்ரான் பிச்சுக்கிட்டு, காலியா இருக்கிற எடத்துல மாட்டிக்குது. அது வெளிச்சத்துல நீலத்த முழுங்கிடுது. மிச்சம் மஞ்சளாத் தெரியுது."

பெரிய படிப்பு அவருக்கில்லை. டாக்டர் படித்துக் கழித்த ஆங்கில சஞ்சிகைகளை அகராதி வைத்து வாசிப்பார்.

"சுத்தியிருக்கிற அணுவெல்லாம் சும்மா நிக்கல, ஆடிக்கிட்டே இருக்கு. மாட்டுனது அந்த ஆட்டத்தோட சேர்ந்துக்குது. அதான் ஒரு நிறத்த மட்டும் முழுங்காம, பக்கத்து நிறத்தையும் சேர்த்து முழுங்குது. சூடு ஏத்துனா இன்னும் அகலமா முழுங்கும், பாரு."

அடுப்பில் தகடு போட்டு அதன்மேல் கல்லை வைத்தார். நிறம் சற்றே அடர்ந்தது. சூடு மேலும் ஏறியதும் ஒரேயடியாக வெளுத்துப்போயிற்று. "மாட்டுனது சூட்டுல கழண்டு ஓடிடுச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னொன்னு வேணும்" என்றேன்.

கொண்டுவந்தார். நான் கேட்டபோதெல்லாம் கொண்டுவந்தார். கல்லை விரல்களில் பிடித்தபடியே கதிரில் காட்டினார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சில வருடங்களில் விரல் நுனிகள் கறுத்து வெடித்தன. புண் ஆறவேயில்லை. முதலில் இரண்டு விரல்களையும், பிறகு மணிக்கட்டோடு கையையும் எடுத்தார்கள்.

"நான் கேட்டதாலதானே?" என்று கட்டிலோரம் நின்று அழுதேன்.

"பைத்தியமா நீ? தினம் காலைல நீட்டுன கை. ஒன் கல்லு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?"

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும் நான் நம்பவில்லை.

நோய் பரவி அக்குளில் கட்டி வந்தது. சிகாமட்டில் தன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டார். வீட்டை ஒழித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ரயிலேற்றி அனுப்பினேன். அந்த வாரமே ஆறு பெருகி ரயில் போக்குவரத்து நின்றுபோனது. தினமும் ஸ்டேஷனுக்கு நடந்து, திரும்பி வந்தேன். தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது.

"ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தான்மா" என்றார் அண்ணன். "என்னமோ சொல்லணும்னான். எனக்குப் புரியல."

காதில் விழுந்ததையாவது சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அன்று கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கு அந்த அண்ணனும் உயிரோடு இல்லை.