கூடை நிழலில் ஆலாக் குஞ்சு

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் மணல்திட்டில் நிற்கிறேன். காயவைத்த சாளைக் கருவாட்டை அள்ள அந்தோணியம்மாள் அக்கா கிளம்புகிறார். இடுப்பில் கூடை, தலைக்கு மேல் முறம் போன்ற சுளவைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறார். வெயிலுக்கு என்று நினைக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் சின்ன ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் கிரீச்சிட்டபடி பாய்ந்து இறங்குகின்றன. சுளவின் மேல் எச்சம் விழுகிறது.

“எங்க களத்துல வந்து முட்டை போட்டுக்கிட்டு எங்களையே விரட்டுது, தம்பி. பாத்துப் பைய வாங்க.”

இந்தக் கரையில் ஆலாக்கள் அருகிவிட்டன என்ற கவலையோடுதான் நான் வந்தேன். போன வருஷம் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லையாம். எல்லாவற்றையும் நாய் தின்றுவிட்டதாம். இந்த வருஷம் கருவாடு போடும் பெண்களே திட்டுக்கு வரும் வழியில் பழைய வலையைக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள். நாய் உள்ளே வருவதில்லை.

கூடையை மணலில் வைத்துவிட்டுக் கருவாட்டை உதறிக் குவிக்கிறார் அக்கா. அள்ளத் திரும்பினால், கூடை நிழலில் மணல் நிறத்தில் ஒரு குஞ்சு ஒட்டிப் படுத்திருக்கிறது.

கூடையை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறார். பிறகு சுளவை நிமிர்த்தி, கருவாட்டை அதில் அள்ளிக்கொண்டு நடக்கிறார். கூடை அங்கேயே கிடக்கிறது. வெறுந்தலையில் ஆலாக்கள் தம் வேலையைக் காட்டுகின்றன.

கரையேறியதும் முந்தானையால் தலையைத் துடைக்கிறார்.

“இதுவ எல்லாம் பிழைச்சு அடுத்த வருசம் வந்துச்சுன்னா சுளவு பத்தாது, தம்பி. குடைதான் வாங்கணும்.”