இன்பம் அக்காவும் ஜாதிக்காய் வாடையும்

இன்பம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது எண்பத்து நாலில், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லின் வாசலில். என் மூத்தவள் அழகுத்தாய்க்கு அப்போது ஐந்து மாதம். அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரே அழுகை. பால் கொடுத்தேன், துப்பினாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். எதற்கும் அடங்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால், வாட்ச்மேன் சீனிச்சாமி காதைப் பொத்திக்கொண்டு, "இதை இன்பத்துகிட்ட கொண்டு போ தாயி. அதுக்குத்தான் இந்தப் பாஷை தெரியும்" என்றார்.

மில்லுக்குப் பின்னால், வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போக ஓர் அறை இருந்தது. பத்துப் பன்னிரண்டு தொட்டில் தொங்கும். அங்கே ஆயாவாக இருந்தவள் இன்பம். தேவஇரக்கம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளையும் இல்லாமல் அவரையும் பறிகொடுத்தவள். என் பிள்ளையை உடனே கையில் வாங்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பசின்னா விட்டுவிட்டு அழும், கையைச் சூப்பும். வயித்துவலின்னா முழங்காலை மடக்கும். காதுவலின்னா கிடத்தும்போது கூடும். இது அது ஒண்ணும் இல்ல. எங்கயோ பிடிச்சிருக்கு."

துணியெல்லாம் உருவிப் பார்த்தாள். இடது கால் சுண்டுவிரலில் ஒரு நூல் இழை இறுகிச் சுற்றி, விரல் நாவல்பழமாகக் கறுத்திருந்தது. என் சேலையில் ஒட்டி வந்த மில் நூல்தான். ஊசியால் நெம்பி, பிளேடால் அறுத்தாள். பிள்ளை ஏங்கி ஏங்கித் தூங்கிப்போனது.

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. மில்லில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சூப்பர்வைசர் சுப்புராஜ், "எங்க பிள்ளைக தெலுங்குலல்லா அழுகும், உனக்கு எப்படி விளங்குது?" என்று சீண்டுவார்.

"பல்லு முளைக்கிற வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரே பாஷைதான் ராஜா. பல்லு வந்த பொறவுதான் பொய்யும் வருது" என்பாள் அக்கா.

தொண்ணூற்று ஒன்றில் என் தம்பி மாரிச்சாமியின் மனைவி செல்லத்தாய்க்கு அதே மில்லில் வேலை கேட்டேன். சுப்புராஜிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது இன்பம் அக்காதான். செல்லத்தாய் கையில் அப்போது நாலு மாத ஆண்பிள்ளை. பிள்ளை பாலுக்கு அழுதால் ஆயா ஆள் அனுப்புவாள், தாய் மிஷினை விட்டு வர வேண்டும். வந்தால் அங்கே நூல் அறும், சுப்புராஜ் சத்தம் போடுவார். செல்லத்தாயை அந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது.

பிள்ளைக்கு உரைமருந்து கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலைக்கு ஊற்றும் நாளில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று தாய்ப்பாலில் கல்லில் உரசி நாக்கில் தடவுவோம். ஜாதிக்காய் மட்டும் ஒரு உரசுதான், அது தூக்கத்தைக் கொண்டுவரும். செல்லத்தாய் அதைத் தினமும் காலையில் உரசிப் புகட்டிவிட்டு வந்தாள்.

அக்கா ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "அழுற பிள்ளைக்கு நான் பயப்படுறதில்ல. இது அழல பாரு, அதுதான் பயமா இருக்கு" என்று என்னிடம் சொன்னவள், பிள்ளையின் வாயை முகர்ந்தாள். ஜாதிக்காய் வாடை அடித்தது. சாப்பாட்டு நேரத்தில் என்னை வைத்துக்கொண்டே செல்லத்தாயைக் கேட்டாள்.

"ஏட்டி, எத்தனை உரசு?"

செல்லத்தாய் அழுதுவிட்டாள். "பத்து, பதினஞ்சு இருக்கும். இனிமே இல்லக்கா, இந்தப் பிள்ளை மேல சத்தியம். மில்லுல மட்டும் சொல்லிராதிய."

அக்கா நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணியாகியும் பிள்ளை எழும்பவில்லை. அக்கா உள்ளங்காலைச் சுண்டினாள், அசைவில்லை. பிள்ளைகள் டாக்டர் அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். டாக்டர் கேட்டதும், "ஜாதிக்காய் கூடிப்போச்சு" என்று அவள் சொன்னதால்தான் தாமதமில்லாமல் வைத்தியம் நடந்தது. சாயங்காலம் பிள்ளை லேசாகச் சிணுங்கியது. "இது பசி" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

அந்த நேரத்தில் செல்லத்தாயும் என் தம்பியும் வந்தார்கள், மில் ஆபீசரும் கூட வந்தார். பிள்ளைக்கு என்ன கொடுத்தது, யார் கொடுத்தது என்று அவர் கேட்டார்.

"நான் நல்ல பிள்ளையாத்தான் விட்டுட்டுப் போனேன் சார்" என்றாள் செல்லத்தாய். "டாக்டர்கிட்ட ஜாதிக்காய்னு பேரைச் சொன்னதே இந்த அக்காதான். கொடுக்காமலா தெரியும்?"

அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஆபீசரும் என் பக்கம் திரும்பி, "நீங்களும் அங்கதானே இருந்தீங்க?" என்றார். என் தம்பி தலையைக் குனிந்து நின்றான். அவன் பெண்டாட்டி வேலை என் வாயில் இருந்தது.

"யாரு கொடுத்தான்னு நான் பார்க்கல சார்" என்றேன்.

இன்பம் அக்கா பிள்ளையைச் செல்லத்தாய் கையில் கொடுத்து, "பால் குடிச்ச பொறவு தோள்ல போட்டுத் தட்டு, ஏப்பம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் கையில் பிள்ளையை விட்டுப் போன தாய்மார் எவரும் அவளுக்காக வாய் திறக்கவில்லை. ராஜபாளையத்தில் அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவளிடம் பிள்ளை கொடுக்கவில்லை. செல்லத்தாய் நிரந்தரம் ஆனாள்.

தொண்ணூற்று ஆறில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் அவளைப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ ஒருத்தியின் கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. ஆளாளுக்குச் சொடக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அக்கா" என்றேன்.

எத்தனையோ வருஷம் என்னை ஏட்டி என்று கூப்பிட்டவள் நிமிர்ந்து, "வாங்க. எத்தனை கிலோ வேணும்?" என்றாள்.

இன்பம் அக்கா இப்போது கூமாப்பட்டியில், தன் தங்கை இருதயத்தின் வீட்டில் இருக்கிறாள்.