இடிந்ததாக நான் எழுதிய வீடு

தாலுகா ஆபீஸ் விசாரணையில் தாசில்தார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்த அம்மாவோட வீடு இடிஞ்சி போச்சுன்னு வீட்டுவரி டிமாண்ட் ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு. கையெழுத்து உங்களோடதா?"

கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் வீடு இடியவில்லை. அன்று காலைகூட சரோஜா அந்த வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டுத்தான் பொன்னேரிக்கு பஸ் ஏறியிருந்தாள். தாசில்தாருக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். இப்போது ஊராட்சிச் செயலராக வேலைக்கு வருகிறவர்கள், அப்படி ஒரு பொய்யை நான் ஏன் எழுதினேன் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஊர் கேட்கும் வரி

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் ஊராட்சியில் எழுத்தராகச் சேர்ந்தேன்; செயலருக்கு அப்போது அதுதான் பெயர். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வீட்டுவரி வசூலுக்கு முதல்முறை போனபோது ஊர் நிர்வாகி என்னை வலை காயும் மணலில் நிறுத்திப் பேசினார்.

"கிளார்க்கு சார், எங்க ஊர்ல ஏற்கெனவே ஒரு வரி கீது. ஒங்க வரி அதுக்கு அப்பால தான்."

"அது என்ன வரி?"

"தலைக்கட்டு வரி. கண்ணாலம் ஆன ஆம்பள, அவன் குடும்பம், அது ஒரு தலைக்கட்டு. வரி குடுத்தவனுக்கு ஏரில மொற வெச்சி பாடு உண்டு. குடுக்காதவன் கரைல குந்திக்கினு காத்து வாங்க வேண்டியது தான்."

பாடு என்பது ஏரிக்குள் வலை கட்டுகிற இடம். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது என்பதற்காக முறை மாற்றி மாற்றி வரும்.

"ஆம்பளை இல்லாத வீடு?" என்று கேட்டேன்.

"அதுங்ககிட்ட ஊரு வரி கேக்காது சார். பாவம், எங்க போவும்."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அரசாங்கத்துக்கு இல்லாத இரக்கம் இந்த ஊருக்கு இருக்கிறதே என்று யூனியன் ஆபீஸில் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வரி கேட்காத வீட்டை ஊர்க் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை, அந்த வீட்டுக்குப் பாடும் இல்லை, பேச்சும் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. கணக்கில் வராதவர்களைத்தான் ஊர் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

2. கதவு எண் 43

சரோஜாவின் கணவன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனவன். அவளுக்கு ஒரே மகள். விடியும்போது கரையில் நண்டு எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டில் விற்றுவிட்டு மாலையில் திரும்புவாள். அவள் வீடும் கணவனின் அண்ணன் ஏழுமலையின் வீடும் நடுச்சுவரைப் பங்கு போட்டவை. ஆனால் கூரை தனி, வாசல் தனி, அடுப்பும் தனி. ஏழுமலை வீட்டுக்குக் கதவு எண் 42. சரோஜா வீட்டுக்கு 43.

43-க்கு வீட்டுவரி அரியர் விழுந்துகொண்டே வந்தது. நான் போகும்போதெல்லாம் வீடு பூட்டியிருக்கும். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன்.

"ஊரே என்னாண்ட கேக்கறதில்ல. நீ இன்னா சார் புச்சா கேக்கற?" என்றாள். கூடையைத் தலைக்கு ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். பஸ் போய்விட்டது.

அது மார்ச் மாதம். மார்ச் முடிவதற்குள் நூறு சதவீத வசூல் காட்டுகிறவர்களை யூனியன் அதிகாரியான பிடிஓ, மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டுவார். எங்கள் ஊராட்சியில் மீதியிருந்தது அந்த ஒரு வீடு. நானே கையிலிருந்து கட்டியிருக்கலாம், பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த வருடமும் இதே தொல்லை வரும் என்று தோன்றியது.

ஏழுமலையிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வலை பின்னிக்கொண்டே, "ரெண்டையும் ஒரே நம்பரா போட்டுடு சார், நான் கட்டிடறேன். அவ இன்னா வேத்து மனுஷியா?" என்றார்.

இரண்டு எண்களை ஒன்றாக்க வேண்டுமானால் மனு வேண்டும், யூனியன் ஆபீஸிலிருந்து ஸ்தல ஆய்வு வேண்டும், ஆர்டர் வேண்டும். வீடு இடிந்துவிட்டது என்று எழுதி எண்ணை நீக்க என் கையெழுத்து போதும். '43, வீடு இடிந்துவிட்டது, கேட்பிலிருந்து நீக்கம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். கேட்பு என்றால் வசூலாக வேண்டிய வரி. எழுதும்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து மீன் வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது.

பிறகு குறடு எடுத்து வந்து வாசல் நிலையிலிருந்த கதவு எண் தகரத் தகட்டைப் பிடுங்கினேன். சரோஜாவும் ஏழுமலையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இனிமேல் உனக்கு வரி கிடையாது" என்றேன்.

"அந்தத் தகடு இன்னாத்துக்கு ஆவும்?"

"தூக்கிப் போட வேண்டியதுதான்."

"இங்க குடு சார். செதிலு தேய்க்க ஆவும். இத்தினி நாளு சும்மா தொங்கினு இருந்திச்சி, இனிமேலாச்சும் வேல செய்யட்டும்."

மூவரும் சிரித்தோம். அந்த வருடம் பிடிஓ என்னை எழுப்பி நிற்கவைத்தார். அடுத்த வாரம் சரோஜா நல்ல சதைப்பிடிப்பான நண்டுகளைப் பனை ஓலையில் கட்டி எடுத்துவந்து கொடுத்தாள். ஒரு விதவைக்கு உதவி செய்தேன் என்று நானும் நம்பி, என் மனைவியையும் நம்பவைத்து, அந்த நண்டைச் சாப்பிட்டேன். பாராட்டுக்காகச் செய்த வேலைக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இன்று அதை மறைக்க விரும்பவில்லை.

3. பட்டா முகாம்

சில வருடங்கள் கழித்து நத்தம் என்கிற ஊர்க் குடியிருப்பு நிலத்தில் இருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்க முகாம் வந்தது. சர்வேயர் கதவு எண்ணைச் சொல்லச் சொல்ல, ஆட்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். 42-க்குப் பிறகு 44 என்று கூப்பிட்டார். சரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனுக்கு சார்?"

ஏழுமலை அவளைச் சமாதானப்படுத்தினார். "நம்ம ஊட்டுக்குள்ள இன்னாம்மா பிரிவின? என் பேர்ல இருந்தா ஒன் பேர்ல இருக்கற மாரி தான். நான் உன்ன எங்க போவச் சொல்லப்போறேன்?"

சர்வேயர் வாசல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிளார்க்கு, ரெண்டு கதவு இருக்கே. தனி வீடா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சிவப்பு மை வெளியே வரும்.

"ஒரே குடும்பம்தான் சார்" என்றேன்.

ஒரே பட்டா, ஏழுமலை பெயரில். அவர் இருந்தவரை தன் வார்த்தையைக் காப்பாற்றினார். நான் எழுதியதோ அவர் இறந்த பிறகும் ரிஜிஸ்டரில் இருந்தது.

4. விசாரணை

ஏழுமலை இறந்தபோது ஏரிக்கரை வேறு மாதிரி ஆகியிருந்தது. ரோடு நன்றாகப் போட்டுவிட்டார்கள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார்கள் வந்தன. தண்ணீரைப் பார்த்த மனைக்கு யாரும் நினைக்காத விலை. ஊரில் கல்யாணமான பையன்கள் தனிக்குடித்தனம் போக ஊருக்குள் இடம் வாங்க முடியாமல் ஆரம்பாக்கத்தில் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழுமலையின் மகன் முருகன் 42-ஐ விலை பேசினான். அதோடு சரோஜாவின் வீடும் சேர்ந்து போனது.

சரோஜா மனு கொடுத்தாள். பாலிதீன் பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய வரி ரசீதுகளை மேஜையில் பரப்பினாள். எல்லாம் கணவன் பெயரில், கதவு எண் 43.

முருகன் சொன்னான்: "சின்னம்மாவ நான் ஒன்னும் ரோட்ல உடல சார். ஒரு தொக தரேன்னு தான் சொல்றேன்."

"அந்தத் தொகைக்கு நம்ம ஊர்ல கோழி கூண்டு வெக்கக்கூட எடம் வராது, முருகா" என்றாள் சரோஜா.

அப்போதுதான் தாசில்தார் ரிஜிஸ்டரைத் திருப்பி, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. பொய்ப் பதிவு என்று ஒப்புக்கொண்டால் சஸ்பென்ஷன், பென்ஷனும் நின்றுபோகும். நின்ற இடத்திலேயே இதையெல்லாம் கணக்குப் போட்டேன்.

"ரொம்ப வருஷம் ஆச்சு சார். அப்படி எழுதியிருந்தா, அப்ப இடிஞ்சிதான் இருந்திருக்கும்."

சரோஜா தாசில்தாரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், இடிஞ்ச ஊட்டுலேர்ந்து தான் உனுக்கு நண்டு கட்டிக்கினு வந்தனா?"

குமாஸ்தா ஒருவர் சிரித்துவிட்டார். டபேதார் அவளைக் கம்முனு இருக்கச் சொன்னார். பட்டாவில் தலையிட முகாந்திரம் இல்லை, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தாசில்தார் முடித்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முன்னால் இருந்த எழுத்தைப் பார்த்து முடிவு செய்தார். எழுதியவன் நான்.

பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த பிறகு, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தெருமுனையிலேயே ஜேசிபி சத்தம் கேட்டது. 42-ம் 43-ம் சேர்ந்து செங்கல்லும் ஷீட்டுமாகக் கிடந்தன. சிவப்பு மையில் நான் எழுதியது அன்றைக்குத்தான் உண்மையாயிற்று.

5. வேலைக்கு வருகிறவர்களுக்கு

குடிசையோ ஷீட்டு வீடோ, தனி அடுப்பு எரிந்தால் தனி எண் கொடுங்கள். பெண் ஒருத்தி தனியாக இருந்தால் அவள் பெயரிலேயே வரி போட்டு, அவள் பெயரிலேயே ரசீது கொடுங்கள். வரியைத் தள்ளிவிட்டால் உதவி செய்ததாக நினைக்காதீர்கள். நாளைக்கு அவள் அந்த ஊரில் இருந்தாள் என்று சொல்ல அந்த ரசீதைத் தவிர வேறு நாதி இருக்காது. வசூல் சதவீதத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். என்னைப் பாராட்டிய பிடிஓவுக்கு என் பெயர்கூட மறந்திருக்கும்.

சரோஜா இப்போது சுண்ணாம்புக்குளத்தில், மகள் குடியிருக்கிற தெருவில், ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறாள். நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தத் தகடு. பெயின்ட் போய், எண் இருந்த இடம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

"கோர்ட்டுக்குப் போ. நான் வந்து சொல்றேன், எல்லாத்தையும்" என்றேன்.

"ஊடே இல்ல. கோர்ட்டுல எந்தக் கதவக் காட்டறது?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், பேத்தியின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"இந்த ஊட்டுக்காரரு வாடக வாங்கினு ஒரு துண்டுச் சீட்டு தர மாட்டன்றாரு. நீ ஒன்னு எழுதிக் குடு. கையெழுத்து அவராண்ட நான் வாங்கிக்கறேன். உன் எழுத்துக்குத் தான் ஆபீஸ்ல அவ்ளோ மதிப்பாச்சே."

வாசல்படியில் உட்கார்ந்து, இந்த அறையில் சரோஜா வாடகைக்குக் குடியிருக்கிறார் என்று எழுதினேன். பழைய ரசீதுகள் அவள் கணவன் பெயரில். பட்டா ஏழுமலை பெயரில். என் சர்வீஸ் முழுவதிலும் அவள் பெயரை நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பாத்து எழுதினியா சார்? ஊடு நிக்குது இல்ல?" என்றாள்.

நான் எழுந்து நின்று அந்த அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, நிற்கிறது என்றேன்.