கார்னரில் நின்ற மதகுச் சாவி

அந்தச் சாவி என் நெஞ்சு உயரம் இருக்கும். மேலே இரண்டு கையாலும் பிடித்துத் திருகக் குறுக்காக ஓர் இரும்பு, கீழே மதகின் திருகாணியில் மாட்டுகிற சதுரக் குழி. லஸ்கர் அண்ணன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வருவது தெரிந்தால் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். மேலே எத்தனை அதிகாரி இருந்தாலும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது கடைசியில் அந்தச் சாவியில்தான் இருந்தது. அவர் அதை எங்கள் பந்தாட்டத்துக்குக் கார்னர் கம்பமாக நட்டு வைத்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு நான்கு அறுவடை மெசினுக்கு முதலாளி. யாரும் கைதூக்கி விடவில்லை, நானே எழுந்தேன். மெசின் எந்த ஊரில் நின்றாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஊரில் பந்து உருள்கிற இடத்தைக் கண்டுபிடித்துப் போய் நிற்பேன். மாதா கோயில் திடல், பள்ளிக்கூட மைதானம், உளுந்து பிடுங்கிய வயல், எதுவானாலும் சரி. வலங்கைமானிலிருந்து திருவாரூர் தாண்டியும் நான் மிதிக்காத மைதானம் குறைவு. “அப்பா மெசின் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் பந்து பாக்கப் போறாரு” என்று என் மகன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன இடத்தில் நான் கோலைப் பார்ப்பதற்கு முன்னால் நான்கு மூலையையும் பார்ப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் லாரி உச்சிக்கு ஏற்றுவேன், என் சோடிக்கு அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. சித்திரை, வைகாசியில் வயல் வெறுமனே கிடக்கும். வெடிப்பில் மண் போட்டு அடைத்து, மூங்கிலில் கோல் நட்டு ஆடுவோம். அறுத்த நெல் தாள் காலில் குத்தி ரத்தம் வரும், ஆட்டம் முடிந்த பிறகுதான் வலி தெரியும். லஸ்கர் அண்ணன் ஆடமாட்டார். ஆனால் ஆட்டம் என்றால் முதல் ஆளாக வந்து, வாய்க்கால் பக்கத்து மூலையில் சாவியை ஊன்றிவிட்டு வரப்பில் உட்காருவார். “இது நிக்கிற வரைக்கும் ஆடுங்கடா. புடுங்கிட்டேன்னா தண்ணிக்குப் போறேன்னு அர்த்தம். ஒருத்தனும் எங்கிட்ட வந்து கெஞ்சிக்கிட்டு நிக்கக் கூடாது” என்பார். அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம்.

அந்த வருடம் சுற்று ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டம் தள்ளித் தள்ளிப் போய், மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்கால் தலைப்புக்கு வந்துவிட்ட நாளில் வந்து விழுந்தது. ஐந்தரை மணிக்கு எங்கள் மதகைத் திறக்க வேண்டும். திறந்தால் நாங்கள் ஆடுகிற வயலும் நனைந்துவிடும். பக்கத்து ஊர்க்காரர்களும் நாங்களும் ஆளுக்கு ஒரு கோல். ஐந்தரை ஆகும்போது எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது, அதுவும் சாவி நின்ற மூலையில். நான் பந்தை வைக்கிறேன், அவர் எழுந்து சாவியைப் பிடுங்க வருகிறார். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“கைய எடுடா தம்பி.”

“அண்ணே, ஒரே ஒரு கார்னர்ண்ணே.”

“தண்ணி உனக்காக நிக்குமா? கைய எடு.”

மூட்டை தூக்கிய கை அது, அவரால் அசைக்க முடியவில்லை. அவர் வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கார்னரைப் பார்க்க ஆசை இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “அடிச்சுத் தொலை” என்றார்.

அடித்தேன். எதிராளி தலையில் பட்டு மறுபடி கார்னர். இரண்டாவதை அடித்தேன். அதுவும் எதிராளி ஒருவன் காலில் பட்டு, பறந்து போய்க் கருவேல முள்ளில் விழுந்து காற்றுப் போய்விட்டது. மூன்றாவது கார்னர் அடிக்கப் பந்து இல்லை. மாதா கோயில் பங்குச் சாமியார் வீட்டில் ஒன்று இருக்கிறது என்று ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் திரும்பி வருகிற வரைக்கும் நின்ற அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெயில் பழுத்து மஞ்சளாகி வயல் முழுக்கப் படுத்திருந்தது. இரண்டு ஊர் ஆட்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், நிழல் மட்டும் நீண்டுகொண்டே போனது. கொக்குகள் வரிசையாகக் கோலுக்கு மேலே போயின. புது வெள்ளத்தின் வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. லஸ்கர் அண்ணன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சாவியைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. பகல் முழுக்கக் காய்ந்த இரும்பு, உயிருள்ள எதையோ தொடுவதுபோல் கதகதவென்று இருந்தது.

பந்து வந்தது. மூன்றாவது கார்னர் யார் மேலும் படாமல், வளைந்து, நேரே கோலுக்குள் போயிற்று. இந்த ஜில்லாவில் அப்படி ஒன்றை அடித்தவன் நான் ஒருவன்தான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என்னைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது, லஸ்கர் அண்ணன் சாவியோடு கரையில் ஓடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வயலுக்குள் தண்ணீர் வந்தது, சத்தமே இல்லாமல். கணுக்கால் அளவு தண்ணீரில், சிவந்த வானத்தின் மேலேயே நடப்பதுபோல், கோப்பையோடு ஊருக்குள் போனோம்.

மதகு மூடிக் கிடந்த அந்த நேரத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி, மேலே நண்டு வளை இருந்த இடத்தில் கரையை உடைத்துவிட்டது. புதிதாக விதைத்த இரண்டு நாற்றங்கால் விதையோடு போயின. மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் லஸ்கர் அண்ணன், “நான்தான் லேட்டாத் திறந்தேன்” என்று சொன்னார். பந்து, கார்னர், என் கை, எதையும் சொல்லவில்லை. நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். எவனோடும் மல்லுக்கு நிற்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. அவரைக் கடைமடைப் பக்கம் மாற்றிவிட்டார்கள், எந்த ஊர் என்று நான் கேட்கவும் இல்லை. அந்தக் கோலைப் பற்றி மட்டும் வாழ்நாள் முழுக்கப் பேசினேன். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டில்கூட.

இந்தக் கோடையில் மெசின் நன்னிலம் பக்கம் போயிருந்தது. சாயங்காலம் வரப்போரமாக வண்டியை நிறுத்திவிட்டு, விசில் சத்தம் வந்த திசைக்கு நடந்தேன். அறுத்த வயலில் ஏழு பேர் ஆட்டம், வரப்பெல்லாம் ஆட்கள். மூன்று மூலையில் மூங்கில் குச்சி. நான்காவது மூலையில், கைப்பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன, குறுக்கிரும்பு வைத்த சாவி.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லைன் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அது என்ன என்று கேட்டேன்.

“அதுங்களா? எங்க அப்பா காலத்துல ஒரு லஸ்கர் மாத்தலாகி வந்தாராம், அவரு சாவி. இப்ப மதகுலயே சக்கரம் வச்சுட்டாங்க, இது சும்மா கிடக்கு. ஆனா இத நட்டாத்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். அவரு சாவியத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. அழுதாலும் ஒரு நிமிசம் தரமாட்டாராம்.”

“இருக்காரா?”

“போய்ச் சேந்து பல வருசம் ஆச்சுங்க. நல்ல மனுசன். ஒரே கதையத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுவாராம். யாரோ ஒருத்தன் கார்னர்லேருந்து நேரா கோல் அடிச்சான், நான் கண்ணால பாத்தேன், அந்த மாதிரி ஒண்ணு இனிமே எவனும் அடிக்க மாட்டான்னு. எங்க ஆளுங்க ஒருத்தரும் நம்பலை. லஸ்கரு கதை விடுறாருடான்னு கேலி பண்ணுவாங்களாம்.”

ஊர் ஊராக நான் சொல்லித் திரிந்ததை எனக்கு முன்பே வேறொருவர் சொல்லி வைத்திருந்த ஒரே இடம் அது. ‘அடிச்சவன் நான்தான்’ என்று இரண்டு வார்த்தை போதும்.  அதைச் சொல்லாமல் நடந்து போய் அந்தச் சாவியின் மேல் கையை வைத்தேன். அதே மஞ்சள் வெயில். இரும்பு கதகதவென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து அந்த மூலையிலேயே கார்னர் கிடைத்தது. பந்தோடு ஒருத்தன் ஓடி வந்தான். உச்சந்தலையிலிருந்து வியர்வை வழிகிறது, கண் முழுக்கக் கோலில் இருக்கிறது.

“பெரியவரே, கைய எடுங்க.”

உடனே எடுத்துவிட்டேன்.